இதயத்துடிப்பைத் தேடி மூன்று வாரம்

மூன்று வாரமாக ஜேம்ஸ் கத்ரியைத் திட்டிக்கொண்டிருந்தேன். பாவம், அவர் மேல் ஒரு தப்பும் இல்லை.

பிங்க் ஃபிளாய்டின் ‘தி டார்க் சைடு ஆஃப் தி மூன்’ ஆல்பத்தை 5.1-க்கு (ஐந்து ஸ்பீக்கர், பேஸுக்கென்று ஒரு சப்வூஃபர்) மிக்ஸ் செய்த ஒலிப்பொறியாளர் அவர். என்னிடம் இருப்பது 2003 எஸ்ஏசிடி, அதாவது சூப்பர் ஆடியோ சிடி. ஆல்பம் தொடங்குவதே இதயத்துடிப்பில்தான். நெஞ்சுக்குள் ‘தும் தும்’ என்று இறங்க வேண்டியது, என் ஹாலில் பக்கத்து வீட்டுக் கதவை யாரோ தட்டுவது மாதிரி கேட்டது. சாதா சிடி போட்டால் பேஸ் ஜம்மென்று வருகிறது. அப்புறம் என்ன, மாஸ்டரிங்கில் கெடுத்துவிட்டார்கள் என்று தீர்ப்பே எழுதிவிட்டேன்.

மற்ற எஸ்ஏசிடிகளும் அதே சோகையாக ஒலித்தபோதுதான் சந்தேகம் என் பக்கம் திரும்பியது. பழைய பிளேயர், எச்டிஎம்ஐ கிடையாது. எஸ்ஏசிடி ஆறு ஆர்சிஏ வயரில் அனலாக்காக ரிசீவருக்கு (ஸ்பீக்கர்களை ஓட்டும் பெட்டி) போகிறது; சிடி டிஜிட்டலாக ஆப்டிக்கல் வயரில். ஒரு டெஸ்ட் டிவிடியின் சப்வூஃபர் இரைச்சலை இரண்டு வழியிலும் ஓட்டி, போன் ஆப்பில் அளந்தேன். ஆப்டிக்கலில் 74, ஆறு வயரில் 64. அச்சு அசலாக 10 டெசிபெல்! 5.1-இல் சப்வூஃபருக்கென்றே இருக்கும் எல்எஃப்இ சேனலை 10 டெசிபெல் தூக்கித்தான் ஒலிக்க வேண்டும். ஆப்டிக்கலில் வரும் டால்பி ஒலியைப் பிரிக்கும்போது ரிசீவரே தூக்கிக்கொள்கிறது; அனலாக் வழியில் பிளேயரும் தூக்கவில்லை, ரிசீவரும் தூக்கவில்லை. ரிசீவர் மெனுவின் அடியாழத்தில் 0, 5, 10, 15 என்று ஒரு அமைப்பு ஒளிந்திருந்தது. 10 வைத்தேன். துடிப்பு வந்தது, ஷோகேஸ் கண்ணாடியும் சேர்ந்து துடித்தது.

ஆனால் பேஸ் கிட்டார் இன்னும் மெலிவு. அது எல்எஃப்இயில் இல்லை, முன் சேனல்களில் இருக்கிறது. என் ஐந்து அங்குல ஸ்பீக்கருக்கு அந்த ஆழம் எட்டாது. ஆழமான பேஸைப் பிரித்து சப்வூஃபருக்கு அனுப்புவது கிராஸ்ஓவர்; அனலாக் உள்ளீட்டில் ரிசீவரின் கிராஸ்ஓவர் வேலை செய்யாது. பிளேயரின் கிராஸ்ஓவரோ எஸ்ஏசிடியின் ஒலி வடிவமான டிஎஸ்டியைத் தொடாது. கடைசியில் பிளேயரில் அதை சாதா சிடியின் வடிவமான பிசிஎம்முக்கு மாற்றி, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாவற்றையும் சப்வூஃபருக்குத் தள்ளினேன். சுத்த டிஎஸ்டி பக்தர்கள் சபிக்கட்டும், என் காதுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

வயர் வாங்குபவர்களுக்கு ஒன்று: ஆறும் ஒரே நீளத்தில் கேட்டு, அங்கேயே பின்னை ஆட்டிப் பாருங்கள். எனக்குக் கொடுத்ததில் ஒன்று லூஸ். பின் இடது ஸ்பீக்கர் இரண்டு நாள் ரீங்காரமிட்டது. நானே சால்டர் வைத்துப் பற்றவைத்தேன்.

பின் ஸ்பீக்கர்களின் டிலே (ஒலி காதுக்கு வரும் நேரத்தைச் சரிக்கட்டும் அமைப்பு) இன்னும் சரியாகவில்லை. அதற்குள் மனம், இதே ஆல்பத்தைப் பதிவு செய்த பொறியாளர் ஆலன் பார்சன்ஸின் குவாட் (நாலு சேனல்) மிக்ஸுக்குத் தாவிவிட்டது. ஆல்பத்தின் 2011 இம்மர்ஷன் பெட்டியில் வந்த புளூ-ரேயில் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் இருக்கிறது. ‘டைம்’ பாட்டின் கடிகாரங்களை அவர் பதிவு செய்ததே குவாட் டெமோவுக்காகத்தான். ‘மணி’யில் (இது காசு, கடிகார மணி இல்லை) கல்லாப்பெட்டி அறையைச் சுற்றி வரும். சென்டரும் இல்லை, எல்எஃப்இயும் இல்லை. நாலு மூலையில் நாலு ஸ்பீக்கர். நான் உட்காரும் இடத்துக்கு நேர் முன்னாலிருந்து அளந்தால் என் பின் ஸ்பீக்கர்கள் இப்போது 110 டிகிரியில் நிற்கின்றன, 135-க்குப் போக வேண்டும். வலது பக்கம் அந்த இடத்தில் அம்மாவின் பீரோ. பேச்சுவார்த்தை நடக்கிறது.