கார்டு பாக்கியும் சிபிலில் நிற்கும் பழைய கணக்கும்

கிரெடிட் கார்டில் 1,00,000 ரூபாய் பாக்கி, மாத வட்டி 3.5 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்டி 3,500, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 630. ‘மினிமம் டியூ’ (குறைந்தபட்சம் கட்ட வேண்டிய தொகை) என்று 5,000 கட்டினால் 4,130 அதற்கே போய்விடும். அசலில் கழிவது 870 ரூபாய்தான். பாக்கி நிற்கும்வரை புதிதாகத் தேய்க்கும் தொகைக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். ஆகவே முதல் வேலை, கார்டைப் பயன்படுத்துவதை நிறுத்துவது. பீரோவில் வைத்துப் பூட்டினால் போதாது. ஓடிடி சந்தா, டெலிவரி ஆப் என்று சேமித்து வைத்த இடங்களிலிருந்தும் நீக்க வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

அதே ஒரு லட்சத்தை ஆண்டுக்கு 15 சதவீத வட்டியுள்ள பர்சனல் லோனுக்கு மாற்றினால் மாதம் 4,849 வீதம் 24 மாதத்தில் முடிந்துவிடும். இந்த வட்டிக்கு ஜிஎஸ்டியும் கிடையாது. கார்டிலேயே இஎம்ஐயாக மாற்றினால் வட்டிமேல் ஜிஎஸ்டி தொடரும். கிரெடிட் ஸ்கோர் விழுந்து லோன் கிடைக்காதவர்களுக்கு நகைக்கடன்தான் வழி. பீரோவில் நகை தூங்க, கார்டுக்கு ஆண்டுக்கு 42 சதவீதம் கட்டுவதில் அர்த்தமே இல்லை.

கட்டாமல் விட்ட பழைய கடன் கணக்குகளில் அவசரம் கூடாது. நம் கடன் வரலாற்றைப் பதிவு செய்யும் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், க்ரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு நிறுவனங்களிலும் ஆண்டுக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசம். எடுத்துப் பார்த்தால் சில கணக்குகளில் ‘ரைட்டன் ஆஃப்’ என்றிருக்கும். அது தள்ளுபடி அல்ல. வங்கி தன் புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டது, வசூலிக்கும் உரிமையை விடவில்லை. அந்தக் கடனை, வாராக்கடன்களை வாங்கி வசூலிக்கும் சொத்து மறுசீரமைப்பு நிறுவனத்துக்கு விற்றிருந்தால், கணக்கை முடித்துத் தர வேண்டியவர்கள் அவர்கள்தான். கடன் கைமாறியதற்கான கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள்.

கடன் வசூலிக்கும் ஏஜெண்ட் போனில் “இப்போதைக்கு ரெண்டாயிரம் போடுங்க சார்” என்பார். வழக்குப் போடும் மூன்று வருடக் கெடு முடிவதற்குள் கொஞ்சம் கட்டினாலோ, கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டாலோ கெடு புதிதாகத் தொடங்கிவிடலாம். கெடு தாண்டினாலும் ரிப்போர்ட்டில் பதிவு தானாகப் போகாது. காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் கடன் கேட்டு அழைக்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி.

பாக்கியைக் குறைத்துக் கட்டி முடிக்கும் ‘செட்டில்மென்ட்’ பேசினால் தொகை, கடைசித் தேதி, கணக்கு எண், எந்த நிலையில் பதிவு செய்வார்கள் என்ற நான்கும் லெட்டர்ஹெட்டில் வந்தபிறகே பணம். ஏஜெண்டின் ஜிபே எண்ணுக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். குறைத்துக் கட்டினால் ‘செட்டில்டு’ என்றே பதிவாகும். அடுத்து வீட்டுக்கடன் கேட்கும்போது அது இடிக்கும். குறைப்பது ஐந்தாறாயிரம்தான் என்றால் முழுசாகக் கட்டி ‘க்ளோஸ்டு’ வாங்குவதே மேல். ஏற்கெனவே செட்டில் ஆனதிலும் மீதியைக் கட்டி மாற்றச் சொல்லிக் கேட்கலாம்.

கட்டியதும் நிலுவையில்லாச் சான்று கேளுங்கள். கார்டு இன்னும் உயிரோடு இருந்தால் மூடச் சொல்லி எழுத்தில் கொடுங்கள். பாக்கி இல்லாத கார்டை 7 வேலை நாளில் மூடாவிட்டால் நாளுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். ஒரு மாதம் பொறுத்து ரிப்போர்ட்டைத் திரும்ப எடுங்கள். மாறாவிட்டால் சான்றை இணைத்து, ரிப்போர்ட் தந்த நிறுவனத்திடம் ‘டிஸ்பியூட்’ (பதிவு தவறு என்ற புகார்) போடுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால், அதன்பின் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. நான்கு நிறுவனங்களிலும் தனித்தனியாகச் சரிபார்க்க வேண்டும். ஒன்றில் மாறியது இன்னொன்றில் பழையபடியே நிற்பது சகஜம்.