குடலுக்கு உத்தரவு போடுவது யார்?

ஜனவரி 13
சாம்பார் தாளிக்கும் வாசனை வந்ததுமே, மூளையிலிருந்து வயிற்றுக்கு இறங்கும் வேகஸ் நரம்பு இரைப்பையைத் தட்டி எழுப்பிவிடும். ஒரு வேளைச் சாப்பாட்டுக்குச் சுரக்கும் அமிலத்தில் சுமார் 30 சதவீதம் பார்ப்பது, முகர்வது, மெல்லுவது ஆகியவற்றாலேயே வருகிறது. மீதியில் பெரும்பங்கு, இரைப்பை ரத்தத்தில் விடும் காஸ்ட்ரின் ஹார்மோனின் வேலை.

ஜனவரி 14
இரைப்பையில் பிஎச் 3-க்குக் கீழே போனால், அதாவது அமிலம் மிகுந்தால், காஸ்ட்ரின் அடங்கத் தொடங்கும். அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோல் மாத்திரையை நாள்கணக்கில் விழுங்குபவருக்கு அந்தக் கடிவாளம் இல்லை. காஸ்ட்ரின் ஏறிக்கொண்டே போகும். ரிப்போர்ட்டில் அந்த எண்ணை மட்டும் பார்த்துவிட்டு, காஸ்ட்ரின் சுரக்கும் கட்டியோ என்று பதறவேண்டாம். அமிலமும் சேர்ந்து ஏறியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

ஜனவரி 16
1902-ல் இதே தேதியில் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இரு உடலியலாளர்கள், மயக்கிய நாயின் சிறுகுடலில் ஒரு துண்டுக்குப் போகும் நரம்புகளை அறுத்தார்கள். ரத்தக்குழாய்களை மட்டும் விட்டுவைத்தார்கள். அந்தத் துண்டுக்குள் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விட்டதும் கணையம் சுரந்தது! நரம்பே இல்லாமல் சேதி போனது எப்படி? குடலின் உள்சவ்வைச் சுரண்டி, அமிலமும் மணலும் சேர்த்து அரைத்து, வடிகட்டி, ரத்தத்தில் ஏற்றினார்கள். கணையம் மறுபடியும் சுரந்தது. அந்தப் பொருளுக்குச் செக்ரிடின் என்று பெயர் வைத்தார்கள். எல்லாம் நரம்பின் வேலை என்று ரஷ்ய உடலியலாளர் பாவ்லோவின் ஆய்வுக்கூடம் உறுதியாக நம்பியிருந்த காலம் அது. உடலியலில் இவ்வளவு அழகான சோதனைகள் குறைவு என்பேன்.

அதற்காக நரம்பை ஒதுக்கிவிடவும் முடியாது. செக்ரிடின் தருவது பைகார்பனேட் நிறைந்த நீர். செரிமான என்சைம்களைக் கணையத்திடம் கேட்பது கோலிசிஸ்டோகைனின் என்ற இன்னொரு குடல் ஹார்மோன். அதுவும் பெருமளவு வேகஸ் நரம்பைத் தூண்டித்தான் காரியம் சாதிக்கிறது.

ஜனவரி 19
பிரியாணி மாலைவரை வயிற்றில் கனப்பதும் கோலிசிஸ்டோகைனினால்தான். கொழுப்பைக் கண்டதும் பித்தப்பையைச் சுருக்கும், இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். பித்தப்பையில் கல் இருந்தால் அந்தச் சுருக்கமே வலியாகும்.

ஜனவரி 22
வெறும் வயிற்றில் 90 முதல் 120 நிமிடத்துக்கு ஒருமுறை இரைப்பையிலிருந்து சிறுகுடல்வரை ஒரு சுருக்க அலை ஓடி, மிச்சம்மீதியைத் தள்ளிவிடும். இதைக் கிளப்புவதில் மோட்டிலின் என்ற குடல் ஹார்மோனுக்குப் பெரும்பங்கு. எதையாவது கொறித்தால் அலை நின்றுவிடும். எரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை வயிற்றைப் பிரட்டுவதற்கும் காரணம் இதுவே: மோட்டிலின் வந்து ஒட்டவேண்டிய ஏற்பியில் அது போய் ஒட்டிக்கொள்கிறது.

நாள்பட்ட சர்க்கரை நோயில் வேகஸ் பழுதானால் இரைப்பை மந்தமாகும். இன்சுலின் போட்டாயிற்று, சோறோ இன்னும் இரைப்பையிலேயே கிடக்கிறது. சர்க்கரை சட்டென்று இறங்கி, சில மணி நேரம் கழித்து ஏறும். ஸ்கேனில் 4 மணி நேரத்துக்குப் பிறகும் 10 சதவீதத்துக்கு மேல் உணவு தங்கியிருந்தால் மந்தம் உறுதி. அவர்களுக்குக் கொழுப்பும் நாரும் குறைந்த, குழைவான உணவைச் சிறு சிறு வேளைகளாகப் பிரித்துக் கொடுக்கவேண்டும். இன்சுலின் நேரத்தை டாக்டர் மாற்றித் தருவார்.