நடுகல் காணொளிகளைத் தேடி வந்தவர்கள்

திருவண்ணாமலை மாவட்டத்தில் செங்கம், தண்டராம்பட்டு வட்டாரங்களில் வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் நிற்கும் நடுகற்களைப் படம்பிடித்து, அவற்றில் வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் உள்ள வாசகங்களை வரிவரியாகப் படித்துக் காட்டும் காணொளிகளை யூடியூபில் வெளியிட்டு வருகிறேன். ஆநிரை கவர வந்தவர்களோடு போரிட்டு மாண்ட வீரர்களுக்கும், மந்தையை மீட்கப் போய் உயிர்விட்டவர்களுக்கும் எடுத்த கற்கள் இவை. பல கற்களில் பல்லவ அரசர்களின் ஆட்சியாண்டு பொறிக்கப்பட்டிருக்கிறது. இவ்வளவு பழைமையான, இவ்வளவு தெளிவான சான்றுகள் சாலையோரத்தில் நிற்கும்போது அவற்றைப் பார்க்க மக்கள் தாமாகவே வருவார்கள் என்று தொடக்கத்தில் எனக்குத் தோன்றியது. அப்படி யாரும் வரவில்லை. பிறகு பார்வையாளர்கள் எப்படி வந்தார்கள் என்பதையே இங்கே பதிவு செய்கிறேன்.

முதல் சில மாதங்களில் பார்த்தவர்கள் உறவினர்கள், கல்வெட்டு ஆர்வலர்களின் வாட்ஸ்அப் குழுவினர், எங்கள் தெருக்காரர்கள் ஆகியோர்தாம். சிறிய சேனல் நடத்தும் நண்பர்கள் அனைவரும் ஒரே ஆலோசனையைச் சொன்னார்கள்: தம்ப்நெயிலை, அதாவது காணொளியின் முகப்புப் படத்தை மாற்று, பெரிய எழுத்துப் போடு, வியந்து வாய் பிளந்த முகத்தை வை. அதைச் செய்வதற்கு முன், சேனல் நடத்துகிறவர்களுக்குப் புள்ளிவிவரம் காட்டும் யூடியூப் ஸ்டூடியோவின் கணக்கை நிதானமாகப் பார்த்தேன். தம்ப்நெயில் திரையில் தோன்றும் முறைகளில் எத்தனை விழுக்காடு அதைத் தொட்டுக் காணொளிக்குள் வருகிறார்கள் என்பதை ஸ்டூடியோ காட்டும். பாதிச் சேனல்களுக்கு இது 2 முதல் 10 விழுக்காட்டுக்குள் இருக்கும் என்பது யூடியூபின் உதவிப் பக்கமே தரும் தகவல். என் காணொளிகளும் அந்த வரம்புக்குள்தான் இருந்தன. அப்படியானால் கண்ணில் பட்டவர்கள் வழக்கமான அளவில் உள்ளே வருகிறார்கள். கண்ணில் படுகிறவர்களின் எண்ணிக்கைதான் மிகக் குறைவு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் தம்ப்நெயிலோடு மல்லுக்கட்டுவதில் பயனில்லை என்று நினைக்கிறேன். யூடியூப் தானாகக் காணொளிகளை எடுத்துக்காட்டும் பரிந்துரை என்பது முன்பு பார்த்தவர்களின் நடத்தையை வைத்து நடப்பது. நடுகல் போன்ற குறுகிய பொருளுக்கு அப்படிப் பார்த்தவர்களே சிலர்தான் என்பதால் பரிந்துரையை நம்பிக் காத்திருக்க முடியாது. தேடி வருகிறவர்களைத்தான் முதலில் நம்ப வேண்டும்.

ஆகவே ஸ்டூடியோவில் பார்வையாளர்கள் எந்தச் சொற்களைத் தேடி என் காணொளிக்கு வந்தார்கள் என்ற பட்டியலைப் பார்க்கத் தொடங்கினேன். நான் தலைப்பில் ஊர்ப் பெயரையும் அரசனின் பெயரையும் ஆட்சியாண்டையும் வைத்திருந்தேன். ஆய்வுக் கட்டுரைக்கு அது பொருந்தும். ஆனால் அந்த ஊர்ப் பெயரைத் தேடுகிறவர்கள் அந்த ஊர்க்காரர்கள் மட்டுமே, அவர்களும் பெரும்பாலும் பேருந்து நேரத்தைத்தான் தேடுகிறார்கள். பட்டியலில் இரண்டு வகைத் தேடல்கள் திரும்பத் திரும்ப வந்தன. ஒன்று, வட்டெழுத்தைப் படிப்பது எப்படி என்பது. மற்றொன்று, நான் சற்றும் எதிர்பாராதது: வேடியப்பன்.

எங்கள் பகுதியிலும் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கமும் பல நடுகற்கள் இன்றும் வேடியப்பன் என்ற பெயரில் வழிபடப்படுகின்றன. பொங்கல் வைப்பதும், கல்லுக்கு மஞ்சளும் குங்குமமும் சாத்துவதும், கிடா வெட்டுவதும் நடக்கின்றன. குலதெய்வத்தின் கதையைத் தெரிந்துகொள்ள விரும்பும் குடும்பங்கள் சென்னையிலும் பெங்களூரிலும் இருந்துகொண்டு தேடுகின்றன. என் பார்வையில் அது கல்வெட்டு. அவர்களுக்கோ அது முப்பாட்டன். ஆகவே தலைப்பின் முதற்பகுதியில் வேடியப்பன் என்று வைத்து, ஊரையும் காலத்தையும் பின்னால் கொண்டு போனேன். கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்பதோடு, அந்த ஊரில் அதற்கு எப்படிப் படையல் போடுகிறார்கள் என்பதையும் பூசாரியின் அனுமதியோடு பதிவு செய்து சேர்த்தேன். தேடலின் வழியே வருகிறவர்கள் சீராகக் கூடினார்கள். பழைய காணொளிகளும் மாதங்கள் கழித்து உயிர்பெற்றன. வெளியான வாரத்தோடு தேடல் நின்றுவிடுவதில்லை என்பது சிறிய சேனலுக்கு இருக்கும் பெரிய பலம்.

வந்தவர்கள் எங்கே விட்டுச் செல்கிறார்கள் என்பது அடுத்த கேள்வி. 2012ஆம் ஆண்டு முதல் யூடியூப் வெறும் பார்வை எண்ணிக்கையைவிடப் பார்க்கும் நேரத்துக்குக் கூடுதல் மதிப்பளிக்கிறது. அதனால் காணொளியின் எந்த இடம் வரை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று காட்டும் தக்கவைப்பு வரைபடத்தைக் கவனிப்பது அவசியம். பல்லவர் வரலாற்றை நான் விளக்கும் முன்னுரையில் கோடு செங்குத்தாக இறங்கியது. ஓர் இடத்தில் மட்டும் அது மேலே ஏறியிருந்தது. அதாவது பார்த்தவர்கள் பின்னே நகர்த்தி அந்த இடத்தை மறுபடியும் பார்த்திருக்கிறார்கள். பொழுது சாய்ந்த பிறகு கைவிளக்கைக் கல்லின் பக்கவாட்டில், ஏறத்தாழ கல்லோடு ஒட்டினாற்போலப் பிடித்த காட்சி அது. நேர்வெளிச்சத்தில் அம்மை வடுப்போலத் தெரிந்த பரப்பில், விளக்கு சரிந்தவுடன் ஒவ்வொரு கீறலின் ஒரு விளிம்பிலும் நிழல் விழுந்து, முதலில் ஒரு வளைவு, பிறகு ஒரு கொக்கி, பிறகு ஒரு முழு வரி எழுந்து வரும். எழுத்துகள் தெரிய வேண்டும் என்பதற்காகச் சிலர் கல்லின் மேல் சுண்ணக்கட்டியால் வரைகிறார்கள். அது கல்லுக்கும் கேடு, தவறாகப் படித்ததை அப்படியே பதித்துவிடுவதால் வாசிப்புக்கும் கேடு. சாய்வெளிச்சம் கல்லைத் தொடுவதே இல்லை. இப்போது என் காணொளிகள் அனைத்தும் அந்த வெளிச்சத்தில்தான் தொடங்குகின்றன. "பட்டான் கல்", அதாவது மாண்டவனின் கல், என்று முடியும் கடைசி வரியை முதலில் படித்துக் காட்டி, பட்டவன் யார், எதற்காகப் பட்டான் என்று பின்னோக்கிப் போகிறேன். பல்லவர் வரலாறு இறுதிக்குப் போய்விட்டது. அங்கே வரை வருகிறவர்கள் அதையும் பொறுமையாகக் கேட்கிறார்கள்.

ஷார்ட்ஸ் என்ற குறுங்காணொளிகள் பற்றியும் சொல்ல வேண்டும். எடுத்தனூர் நடுகல் முதலாம் மகேந்திரவர்மன் காலத்தது. தன் எருமைகளைக் காக்கப் போய் மாண்டவனோடு, கள்ளனைக் கடித்துக் காத்து நின்ற கோவிவன் என்ற நாயையும் அது பெயர் சொல்லிக் குறிக்கிறது. நாயின் பெயரைக் கல்லில் பொறித்த அந்த மக்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது. அதை ஒரு நிமிடத்துக்குள் சொன்ன ஷார்ட்ஸ், என் மற்றக் காணொளிகள் எல்லாம் சேர்ந்து பெற்றதைவிட அதிகப் பார்வைகளைப் பெற்றது. ஆனால் அதிலிருந்து நீண்ட காணொளிக்கு வந்தவர்கள் மிகச் சிலரே. விளம்பர வருவாய் பெற 1,000 சப்ஸ்கிரைபர்களும், 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும் என்பது 2018 முதல் உள்ள விதி. ஷார்ட்ஸ் வரிசையில் பார்க்கப்படும் நேரம் அந்த 4,000 மணியில் சேராது. ஷார்ட்ஸ் வழியாகவே தகுதி பெற 90 நாள்களில் ஒரு கோடி பார்வைகள் வேண்டும். 4,000 மணி என்பது 2,40,000 நிமிடம். ஒருவர் சராசரியாக நான்கு நிமிடம் பார்த்தால் ஓராண்டில் 60,000 பார்வைகள் தேவை. சமையலுக்கோ திரைச்செய்திக்கோ இது எட்டக்கூடிய எண்ணாக இருக்கலாம். கல்வெட்டு, நாட்டு விதை, ஓலைச்சுவடி போன்றவற்றைச் செய்கிறவர்கள் வருவாயை இலக்காக வைத்துத் தொடங்கினால் பாதியில் சோர்ந்துவிடுவார்கள் என்றே அஞ்சுகிறேன். அப்படி நின்றுபோன நல்ல சேனல்கள் சிலவற்றை எனக்குத் தெரியும். அவற்றில் இருந்த அறிவு வேறெங்கும் பதிவாகவில்லை என்பது பெரிய இழப்பு.

தேடலுக்கு அடுத்து எனக்கு அதிகம் பேரைக் கொண்டுவந்தது வாட்ஸ்அப். படம்பிடித்த ஊருக்கே திரும்பிச் சென்று, அங்கிருப்பவர்களின் கைப்பேசியில் இணைப்பை அனுப்பிவிட்டு வருவதை வழக்கமாக்கிக்கொண்டேன். செங்கம் பக்கம் ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர், "பெங்களூர்ல இருக்கிற எங்க அண்ணன் வூட்டுக்கு அனுப்பி வெச்சேன் தம்பி, நம்ம சாமி பேரு கல்லுல இருக்குதான்னு கேட்டு அழுதுட்டாராம்" என்று சொன்னார். அப்படி வருகிறவர்கள் பெரும்பாலும் கடைசி வரை பார்க்கிறார்கள். தங்கள் ஊரில் இன்னொரு கல் இருப்பதாகக் கருத்துப் பகுதியில் எழுதுகிறார்கள். அடுத்து எங்கே போக வேண்டும் என்பதை இப்போது பெரும்பாலும் அவர்களே முடிவு செய்கிறார்கள்.

அடுத்த கட்டமாக, வட்டெழுத்தைத் தேடி வருகிறவர்களுக்காக ஒரு தொடரைத் தயாரித்து வருகிறேன். பிற்கால வட்டெழுத்தில் ப, வ, ய ஆகிய மூன்றும் ஒன்றுபோலத் தெரிவதால், அவற்றைப் பிரித்தறிவதிலிருந்து தொடங்கலாம் என்று திட்டம். இந்தத் தொடருக்குத் தமிழ் வசனவரிகளை நானே தட்டெழுதிச் சேர்க்கிறேன். ஒரே காணொளிக்கு மூன்று தம்ப்நெயில் வரை ஒப்பிட்டுப் பார்க்கும் வசதியில் ஒன்றில் முழுக் கல், மற்றொன்றில் சாய்வெளிச்சத்தில் ஒற்றை எழுத்து என வைத்துப் பார்க்கப் போகிறேன். தருமபுரி அகழ்வைப்பகத்தில் உள்ள நடுகற்களைப் படம்பிடிக்க அனுமதி கேட்டு விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறேன்.