எட்டுப் பேர் குழு

பிப்ரவரி 11

1977-ல் இதே தேதியில்தான் வியன்னா ஸ்டேட் ஆப்பராவில் நடன அமைப்பாளர் ஜான் நியூமெயரின் யோசேப்பு பாலே அரங்கேறியது. யோசேப்பாக ஆடியவர் கெவின் ஹைகன், இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த அமெரிக்கப் பையன். எதிரே, பைபிள் கதையில் யோசேப்பை மயக்கப் பார்க்கும் எஜமானியான போத்திபாரின் மனைவியாக ஜூடித் ஜாமிசன், அல்வின் எய்லி என்ற அமெரிக்க நடனக் குழுவின் நட்சத்திரம், நல்ல உயரம். இசை ரிச்சர்ட் ஸ்ட்ராஸ். அதே இசைக்கு 1914-ல் பாரிஸில் டியாகிலெவின் ரஷ்ய பாலே குழு இந்தக் கதையை முதலில் ஆடியபோதும் யோசேப்பு ஒரு பொடியன்தான்: லியோனிட் மாசின், பதினேழு வயது. வேடம் அந்தக் குழுவின் நட்சத்திரம் நிஜின்ஸ்கிக்கு என்று வைத்திருந்தது, அவர் கல்யாணம் செய்துகொண்டார் என்று டியாகிலெவ் வேலையை விட்டே தூக்கிவிட்டார், மாசினுக்கு அடித்தது யோகம்.

பிப்ரவரி 15

ஹைகன் அப்புறம் ஹாம்பர்க்கில் பாலே மாஸ்டர், அதாவது ஆடுபவர்களைப் பயிற்றுவிப்பவர், ஆனார். 2011-ல் நியூமெயர் அங்கே ஜெர்மனிக்கென்று ஓர் இளைஞர் பாலே குழுவைத் தொடங்கியபோது அதை நடத்தும் பொறுப்பு அவரிடம்தான் வந்தது. எட்டே பேர், 18 முதல் 23 வயது வரை, ஆளுக்கு இரண்டு வருடம். பெரிய குழுவில் சேரும் புதுசுகள் 'ஸ்வான் லேக்' மாதிரி பாலேயில் பின்வரிசையில் அன்னங்களோடு அன்னமாக நின்று காலம் தள்ளலாம். இங்கே பின்வரிசையே கிடையாது. ஒருவருக்குக் கணுக்கால் பிசகினால் அன்றைய நிகழ்ச்சி முழுவதையும் மாற்றிக் கோக்க வேண்டும், அதைவிடக் கஷ்டம், ஒருத்தியின் உடம்புக்கென்றே அமைத்த ஆட்டத்தை அவள் போனதும் புதிதாக வந்தவளுக்கு ஏற்றுவது. வீடியோவில் அடவு தெரியும், எந்தக் கணத்தில் எடை எந்தக் காலுக்கு மாறுகிறது என்பதை ஆடியவர்தான் பக்கத்தில் நின்று காட்ட வேண்டும்.

பிப்ரவரி 19

மகளுக்கு முதல் பாயின்ட் ஷூ, கால்விரல் நுனியில் நின்று ஆடுவதற்கான பாலே ஷூ, வாங்கினோம். வாங்கியதும் ஆடலாம் என்று நினைத்தேன், டீச்சர் சிரித்துவிட்டார். முனையில் துணியும் காகிதமும் பசையுமாக இறுகியிருப்பதைக் கையால் அமுக்கிப் பதப்படுத்தி, நாடாவை நாமே தைத்து, சத்தம் குறையத் தரையில் நாலு அடி அடித்து, அப்புறம்தான் போட வேண்டுமாம். முழுநேரமாக ஆடுபவர்கள் ஒரே நிகழ்ச்சியில் ஒரு ஜோடியைத் தேய்த்துவிடுவதும் உண்டு. விலையைக் கேட்ட பிறகு இதையும் கேட்க எனக்குத் தெம்பில்லை.

பிப்ரவரி 24

அந்த எட்டுப் பேர் சிறைச்சாலை, முதியோர் இல்லம், பள்ளிக்கூடம் என்று போய் ஆடுபவர்கள் என்றேன். "சமூக சேவையாப்பா?" என்றாள் மகள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆப்பரா ஹவுஸில் இருபது மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு மூச்சு வாங்குவது தெரியாது. இங்கே சக்கர நாற்காலியில் இருக்கும் பாட்டி கையை நீட்டினால் எட்டும் தூரம், மேடை விளக்கும் இல்லை, தூக்கும்போது பையனின் முன்கை நடுங்கினால் அதுவும் தெரியும். பதினெட்டு வயதில் இப்படி ஆடிப் பழகியவனுக்குப் பெரிய மேடை பயம் காட்டாது என்றுதான் நினைக்கிறேன். அவளுக்கு இதெல்லாம் இருக்கட்டும், "பையன்களுக்கு பாயின்ட் ஷூ கிடையாதா, அப்போ அவங்களுக்குச் செலவு கம்மி" என்கிறாள்.