அதே கார், வேறு ஜிப் கோடு: லூசியானாவில் இன்சூரன்ஸ் மாற்றிய அனுபவம்

என் கணவர் மாவ்னி திட்டத்தின் வழியாக அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தவர். குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாவிட்டாலும், ராணுவத்துக்குத் தேவைப்பட்ட சில மொழிகள் தெரிந்தவர்களைச் சேர்த்துக்கொண்ட திட்டம் அது. அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. 2021 கோடையில் அவருக்கு வாஷிங்டன் மாநிலத்தின் லூயிஸ்-மெக்கார்ட் தளத்திலிருந்து லூசியானாவின் ஃபோர்ட் போல்க்குக்கு மாற்றல் வந்தது. (நடுவில் ஃபோர்ட் ஜான்சன் என்று பெயர் மாற்றி, 2025-ல் பழைய பெயரையே திரும்ப வைத்துவிட்டார்கள்.)

ராணுவத்தில் இருப்பவர்கள் வண்டியின் பதிவைச் சொந்த மாநிலத்திலேயே வைத்துக்கொள்ளலாம். அதனால் எங்கள் நம்பர் பிளேட் மாறவில்லை. ஆனால் இன்சூரன்ஸ்காரர்களுக்கு முக்கியம், வண்டி ராத்திரியில் எங்கே நிற்கிறது என்பதுதான். தளத்தை ஒட்டிய லீஸ்வில் ஊரின் முகவரியைச் சொன்னதுமே பிரீமியம் ஏறக்குறைய இரண்டு மடங்கானது. அதே கார், அதே ஓட்டுநர்கள், போக்குவரத்து அபராத டிக்கெட் ஒன்றுகூட வாங்கியதில்லை.

காரணம் தேடி ரொம்ப அலைய வேண்டியதில்லை. நெடுஞ்சாலையில் கொஞ்ச நேரம் ஓட்டினால் போதும், விபத்து வழக்கு நடத்தும் வக்கீல்களின் முகங்கள் பெரிய பெரிய பலகைகளில் வரிசையாக வரும். சின்ன மோதல் கூட வழக்காகிவிடும் ஊர். இன்சூரன்ஸே எடுக்காமல் ஓட்டுபவர்களும் கணிசம். அதனால் செலவு கூடினாலும் பரவாயில்லை என்று, எதிராளியிடம் இன்சூரன்ஸ் இல்லாவிட்டால் நமக்குப் பணம் தரும் அன்இன்ஷ்யூர்ட் மோட்டாரிஸ்ட் பகுதியை நான் விடவில்லை.

அப்புறம் வானிலை. வெள்ளம், ஆலங்கட்டி, காற்றில் மரம் விழுவது, மான் குறுக்கே பாய்வது எல்லாம் காம்ப்ரிஹென்சிவ் என்ற பாதுகாப்பின் கணக்கில் வரும். வண்டி எதிலாவது மோதினால் பணம் தரும் கொலிஷன் மட்டும் எடுத்திருந்தால் ஒன்றும் கிடைக்காது. 2020 ஆகஸ்டில் லாரா புயல் தெற்கே லேக் சார்ல்ஸ் நகரத்தை நாசமாக்கிவிட்டு வடக்கே எங்கள் பக்கமும் வந்து போயிருந்தது. நாங்கள் போனபோதும் சில வீடுகளின் கூரையில் நீலத் தார்ப்பாய் இருந்தது.

2021 ஆகஸ்ட் கடைசியில் ஐடா புயல் வளைகுடாவை நோக்கி வந்த சமயத்தில்தான் டிடக்டிபிளை, அதாவது சேதத்தில் முதலில் நாமே ஏற்க வேண்டிய தொகையை, ஆயிரம் டாலரிலிருந்து ஐநூறுக்குக் குறைக்கக் கேட்டேன். போனில் பேசிய பெண், "புயல் போகும்வரை எதையும் மாற்ற முடியாது மேடம்" என்றார். பெயர் வைத்த புயல் கிட்டே வந்துவிட்டால் கம்பெனிகள் புதுப் பாலிசி, கூடுதல் பாதுகாப்பு எல்லாவற்றையும் நிறுத்திவைத்துவிடும். இருக்கிற பாலிசிக்கு ஒன்றும் ஆகாது. நியாயமான விதிதான், ஆனால் அந்த வாரம் அப்படித் தோன்றவில்லை.

தள்ளுபடி விஷயத்துக்கு வருகிறேன். லூசியானாவில் பணியிலிருக்கும் படைவீரர்களுக்கு 25 சதவீதம் குறைக்க வேண்டும் என்பது மாநிலச் சட்டம். கம்பெனி பெரிய மனது பண்ணித் தரும் சலுகை கிடையாது. எங்கள் பழைய கம்பெனி அதைத் தானாகப் போடவில்லை. மாற்றல் உத்தரவின் நகலும் கையெழுத்திட்ட உறுதிமொழிப் படிவமும் அனுப்பினேன். அடுத்த பில்லிலும் பழைய தொகையே வந்தது. "அனுப்பியாச்சே" என்றால், "சிஸ்டத்தில் காட்டவில்லை" என்ற பதில். மூன்றாவது ஆளிடம் பேசும்போது சட்டம் என்ற சொல்லை எடுத்ததும் வேலை நடந்தது, முதல் நாளிலிருந்தே கணக்கிட்டுத் திருப்பித் தந்தார்கள்.

ஆனாலும் சதவீதத்தைப் பார்த்து யாரும் மயங்க வேண்டாம். கெய்கோ என்ற இன்சூரன்ஸ் கம்பெனி பல மாநிலங்களில் ராணுவத்தினருக்கு 15 சதவீதம் வரை குறைக்கிறது. 1922-ல் சான் அன்டோனியோவில் 25 ராணுவ அதிகாரிகள் சேர்ந்து தொடங்கிய யுஎஸ்ஏஏ கம்பெனி, ராணுவத்தினரையும் அவர்கள் குடும்பங்களையும் மட்டுமே சேர்க்கிறது. அங்கே அடிப்படை விலையே வேறு மாதிரி. எல்லாரிடமும் ஒரே லயபிலிட்டி வரம்பு (நம்மால் மற்றவருக்கு ஏற்படும் சேதத்துக்கு அதிகபட்சம் தரும் தொகை), ஒரே டிடக்டிபிள் சொல்லி, தள்ளுபடியெல்லாம் போக ஆறு மாதத்துக்குக் கையிலிருந்து எவ்வளவு என்று மட்டும் கேட்டு ஒரு தாளில் எழுதினேன். 25 சதவீதம் கழித்தும் பழைய கம்பெனிதான் அதிகம்.

கணவர் வெளிநாட்டுப் பணிக்குப் போனபோது அவருடைய வண்டியைத் தளத்தின் சேமிப்பு இடத்தில் விட்டோம். கடன் முடிந்த வண்டி என்பதால் காம்ப்ரிஹென்சிவ் மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நிறுத்த முடிந்தது. கடன் பாக்கி இருந்தால் வங்கி கொலிஷனையும் கேட்கும். மொத்தமாக ரத்து செய்யலாமே என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். இடைவெளி விழுந்தால் திரும்ப எடுக்கும்போது விலை ஏற வாய்ப்பு உண்டு, அதனால் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.