மருந்துச் சீட்டில் விட்டுப்போகும் வயது

பச்சிளங்குழந்தைப் பிரிவில் மருந்துச் சீட்டு எழுதும்போது எடையை யாரும் மறப்பதில்லை. எத்தனை வாரத்தில் பிறந்தது, பிறந்து எத்தனை நாள் என்ற இரண்டும்தான் அடிக்கடி விட்டுப்போகின்றன. கல்லீரல் வழியாக வெளியேறும் மருந்து என்றால் அந்த இரண்டும் இல்லாத சீட்டை நர்ஸ் திருப்பி அனுப்புவதே சரி.

சிசுவின் கல்லீரல் எல்லா வேலையிலும் ஒரே அளவு பின்தங்கியிருப்பதில்லை. ரத்தச் சிவப்பணுக்கள் உடையும்போது உண்டாகும் மஞ்சள் நிறப் பொருளான பிலிருபினோடு, அது வெளியேறுவதற்காகக் குளுகுரோனிக் அமிலத்தைச் சேர்க்கும் நொதி, பிறக்கும்போது பெரியவர்களிடம் இருப்பதில் சுமார் 1 சதவீதமே வேலை செய்கிறது. பெரியவர் அளவை எட்ட மூன்று மாதம் போல ஆகும். சல்பேட் சேர்க்கும் வழியோ பிறந்த அன்றே ஓரளவு தயார். அதனால் பாராசிட்டமால் பெரியவர்களிடம் முதல் வழியிலும், சிசுவிடம் பெரும்பாலும் இரண்டாம் வழியிலும் போகிறது. குளோராம்பெனிகால் என்ற கிருமிக்கொல்லி மருந்துக்கு அப்படி மாற்று வழி கிடையாது. உடல் எடைக்குக் கணக்கிட்டு தாராளமாகக் கொடுத்த அந்த மருந்து ரத்தத்தில் தேங்கி, வயிறு உப்பி, உடல் குளிர்ந்து, சாம்பல் நிறமாகிக் குழந்தைகள் இறந்ததை 1959-இல் வெளியான மருத்துவ அறிக்கைகள் விவரித்தன. முதிராத சிறுநீரகமும் அதில் சேர்ந்துகொண்டது.

தினமும் கையாள்வது காஃபின். குறைமாதக் குழந்தையின் மூச்சு நின்றுபோகாமல் இருக்க, காஃபின் சிட்ரேட் கிலோவுக்கு 20 மி.கி. முதல் டோஸ், 24 மணி நேரம் கழித்து நாளுக்கு ஒருமுறை 5 முதல் 10 மி.கி. பெரியவரின் ரத்தத்தில் ஐந்து மணி நேரத்தில் பாதியாகும் காஃபின், இந்தக் குழந்தையிடம் பாதியாக நான்கு நாள் பிடிக்கும். அதை உடைக்கும் நொதி பிறந்து சில வாரங்கள் கழித்துத்தான் தலைகாட்டும். நிறுத்திய மறுநாள் மானிட்டர் அமைதியாக இருப்பதை நம்பி வீட்டுக்கு அனுப்புவது ஆபத்து, மருந்து இன்னும் உள்ளேதான் இருக்கிறது. குறைந்தது ஐந்து முதல் ஏழு நாள் பார்த்துவிட்டே அனுப்பவேண்டும்.

வலிப்புக்குக் கொடுக்கும் பீனோபார்பிட்டோனில் சிக்கல் வேறு மாதிரி. முதல் வாரத்தில் தேங்கும், குழந்தை தூங்கிக்கொண்டே இருக்கும். அதே டோஸ் மூன்றாம், நான்காம் வாரத்தில் போதாமல் போகும், ஏனெனில் நொதிகள் வளர்கின்றன, அந்த மருந்தே அவற்றைத் தூண்டவும் செய்கிறது. வலிப்பு திரும்பினால் இரண்டாவது மருந்தைச் சேர்க்கும் முன் ரத்தத்தில் இதன் அளவைப் பாருங்கள்.

பித்த உப்பின் விஷயத்தில் கவனம் இன்னும் குறைவு என்பது எங்கள் எண்ணம். சிசுவின் உடலில் அதன் மொத்த இருப்பே குறைவு. கொழுப்பைக் கரைக்கத் தேவையான செறிவு பல நேரம் குடலில் இருக்காது. சிறுகுடலின் கடைசிப் பகுதி அதைத் திரும்ப உறிஞ்சுவதும் மந்தம், திரும்பி வந்ததைக் கல்லீரல் ரத்தத்திலிருந்து பிடித்துக்கொள்வதும் மந்தம். ஆகவே குடலில் பற்றாக்குறையும் ரத்தத்தில் மிகுதியும் ஒரே நேரத்தில் இருக்கும், நல்ல குழந்தையிலும்கூட. தாய்ப்பாலில் உள்ள, கொழுப்பைச் செரிக்கும் நொதியான லைபேஸ் இந்தக் குறையை ஈடுகட்டுகிறது. பால் வங்கியில் 62.5 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கும்போது அந்த லைபேஸ் அழிந்துவிடும். சொந்தத் தாயின் பச்சைப் பால் கிடைக்கும்வரை அதற்கே முதலிடம்.

இவ்வளவு மெல்லிய பித்த ஓட்டம், வாய்வழி எதுவும் போகாமல் ரத்தக்குழாய்வழி ஊட்டம் மட்டும் நீண்டால் எளிதில் நின்றுபோகும். கிருமித்தொற்று சேர்ந்தால் இன்னும் விரைவாக. கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 முதல் 20 மி.லி. பால் குடலுக்குள் போனாலே பித்தப்பை சுருங்குவதற்கான ஹார்மோன் சுரக்கும். பசி தீராத அளவுதானே என்று அதைத் தள்ளிப்போடக் கூடாது.

வீட்டுக்குப் போன குழந்தையைக் கெடுப்பது பெரும்பாலும் ஒரு வார்த்தை: "வெயிலில் காட்டுங்கள், போய்விடும்." பதினான்கு நாள் தாண்டியும் மஞ்சள் காமாலை இருந்தால் மொத்த பிலிருபின் மட்டும் போதாது, டைரக்ட் பிலிருபினும் (கல்லீரல் அமிலம் சேர்த்து முடித்த பகுதி) எடுக்கவேண்டும். அது டெசிலிட்டருக்கு 1 மி.கி.க்கு மேல் என்றால் காரணம் தேடியே ஆகவேண்டும். துணியில் மஞ்சள் கறை பிடிக்கும் சிறுநீரைத் தாய்மாரிடம் குறிப்பாகக் கேளுங்கள், சிசுவின் சிறுநீர் நிறமற்று இருக்கவேண்டும். மலத்தைப் பகல் வெளிச்சத்தில் நீங்களே பாருங்கள். அந்தச் சிறுநீரில் நனைந்து மேற்பரப்பு மஞ்சளாகத் தெரியலாம், குச்சியால் பிரித்தால் உள்ளே சுண்ணாம்பு போல வெளுத்திருக்கும். பித்தநாள அடைப்பு என்றால், குடலைக் கல்லீரலோடு நேராக இணைக்கும் கசாய் அறுவை சிகிச்சையை 60 நாளுக்குள் செய்தால்தான் பலன் அதிகம்.

அந்தக் குழந்தைக்கு ரத்தம் எடுக்கும்போதே உறைதல் பரிசோதனையும் அனுப்பிவிடுங்கள். குடலில் பித்த உப்பு இல்லையென்றால் வைட்டமின் கே உறிஞ்சப்படாது, சில குழந்தைகளில் மூளை ரத்தக்கசிவுதான் முதல் அறிகுறியாக வரும். வாய்வழி மருந்தை நம்பாமல் ஊசியாகவே போடவேண்டும்.