மிதுனம், துலாம், என் தீசிஸ்

எம்.எஸ். (அறுவை சிகிச்சை மேற்படிப்பு) மூன்றாம் வருடம். சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணுக்கு இரண்டு விதமான டிரஸ்ஸிங்கை ஒப்பிடுவதுதான் என் தீசிஸ். புண்ணின் மேல் பிளாஸ்டிக் தாளை வைத்து மார்க்கரால் ஓரம் வரைவேன். பிறகு கிராஃப் தாளில் வைத்துக் கட்டம் கட்டமாக எண்ணுவேன். ஒன்றரை வருடம் இப்படியே போனது. எல்லாவற்றையும் கணினியில் ஏற்றிப் பார்த்தால் பி வேல்யூ 0.13. இரண்டு டிரஸ்ஸிங்குக்கும் வித்தியாசமே இல்லாதபோதும் இவ்வளவாவது வித்தியாசம் தற்செயலாகத் தெரிய உள்ள வாய்ப்பு அது; 0.05-க்குக் கீழே வந்தால்தான் தேறியதாகக் கொள்வார்கள். அன்று இரவு சோறு இறங்கவில்லை.

அப்புறம்தான் டேட்டாவைத் துண்டு துண்டாக வெட்ட ஆரம்பித்தேன். ஆண், பெண், இன்சுலின் போடுபவர், மாத்திரை மட்டும் எடுப்பவர், புகைப்பவர், வயது... விடிகாலை இரண்டு மணிக்கு, அறுபதைத் தாண்டிய பெண்களிடம் 0.03 வந்தது. அவர்கள் மொத்தத்தில் கால்வாசிப் பேர். ஏன் அவர்களுக்கு மட்டும் என்பதற்கு, படுக்கப் போவதற்குள் மூன்று காரணங்கள் தயார்.

மறுநாள் புள்ளியியல் மேடத்திடம் பெருமையாக நீட்டினேன். "மொத்தம் எத்தனை துண்டு போட்டுப் பார்த்தீங்க?" என்றார். எண்ணினேன், பதினாறு. பிரிண்ட் அவுட்டின் பின்பக்கம் 0.95-ஐ 16 முறை பெருக்கி 0.44 என்று எழுதினார். அந்தப் பதினாறும் ஒன்றையொன்று சாராதவை என்று வைத்துக்கொண்டால், ஒன்றுமே இல்லாத டேட்டாவில் ஏதாவது ஒரு துண்டு 0.05-க்குக் கீழே வர 56% வாய்ப்பு.

அப்போதுதான் ஐசிஸ்-2 ஆய்வைப் பற்றிச் சொன்னார். 1988-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. மாரடைப்பு என்று சந்தேகிக்கப்பட்ட 17,187 பேர். ஆஸ்பிரின் கொடுத்ததில் முதல் ஐந்து வாரங்களில் இதய, ரத்தநாள நோய் மரணங்கள் 23% குறைந்தன. துண்டு துண்டாகவும் பிரித்துக் காட்டுங்கள் என்று பத்திரிகை கேட்க, ஆய்வாளர்கள் ராசிவாரியாகவும் பிரித்துக் காட்டினார்கள். மிதுனத்துக்கும் துலாத்துக்கும் ஆஸ்பிரின் பலிக்கவில்லை, மரணம் சற்றுக் கூடவே தெரிந்தது! (நம் ஊர் ராசி சந்திரனை வைத்து. அவர்களுடையது பிறந்த தேதியை வைத்து. பரிகாரம் எதுவும் சொல்லப்படவில்லை.)

எனக்கு உறைத்தது அதற்கடுத்த விஷயம்தான். அந்தப் பெண்களிடம் 0.03, மற்றவர்களிடம் 0.62, ஆகவே இரு தரப்புக்கும் டிரஸ்ஸிங் வேறு மாதிரி வேலை செய்கிறது என்று நினைத்திருந்தேன். அந்த இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது ஒப்பீடே இல்லையாம். அங்கே கிடைத்த பலனுக்கும் இங்கே கிடைத்த பலனுக்கும் உள்ள இடைவெளியையே நேரடியாகச் சோதிக்க வேண்டும். அதற்குப் பெயர் இன்டராக்‌ஷன் டெஸ்ட். போட்டுப் பார்த்தோம், 0.10. மேடம் எதுவும் சொல்லவில்லை, டீ வரவழைத்தார்.

தீசிஸில் பதினாறையும் ஒரே அட்டவணையில் போட்டு, 'தரவு கையில் வந்த பிறகு பிரித்துப் பார்த்தவை' என்று தலைப்பிட்டேன். கைடுக்கு அது பிடிக்கவில்லை. "வம்பை விலைக்கு வாங்குறே" என்றார். வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், வெளித்தேர்வாளர் சரியாக அந்தப் பக்கத்தில் விரலை வைத்தார்.

"இவ்வளவு போட்டிருக்கீங்களே, இதில் எது தேறிச்சு?"

"எதுவும் இல்லை சார்."

பக்கத்தைத் திருப்பி, எத்தனை பேருக்குக் கால் விரலை வெட்டி எடுக்க வேண்டி வந்தது என்று கேட்டார்.